சொல்ல ஓர் ஆள் வேண்டும்



இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் கணவரின் குடி இருக்கும், சீட்டுப் பணம் இருக்கும், வெளிநாட்டில் வேலை செய்யும் தாயின் கவலை இருக்கும். அண்மையில் எனக்கு வந்தது கடிதம் அல்ல. இரவு பதினொரு மணிக்குப் பிறகு கைத்தொலைபேசியில் வந்த ஒரு செய்தி. இந்தப் பக்கத்தின் அடியில் அச்சாகும் இலக்கத்தைப் பார்த்து, வேறொரு மாவட்டத்தில் உயர்தரம் படிக்கும் ஒரு மாணவி அனுப்பியிருந்தார்.

"அக்கா, என் கூட்டாளி ஒருத்தி பதுளைப் பக்கம் தோட்டத்துல இருக்கா. நான் அவளை நேர்ல பார்த்ததே இல்ல. சாகணும் போல இருக்குன்னு இப்ப எழுதுறா. நான் என்ன செய்யணும்?"

பழைய வினாத்தாள்களைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு கைத்தொலைபேசிக் குழுவில் அறிமுகமானவர்கள் இருவரும். தோட்டத்துப் பிள்ளை உயர்தரப் பரீட்சையை இரண்டாம் முறை எழுதக் காத்திருப்பவர். தந்தை கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. தாய் கொழுந்து எடுப்பவர். கீழே இரண்டு தம்பிமார். அவரும் தாயும் சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். யாரென்று தெரியக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

அந்த இரவில் எனக்கு முன்பே அந்தக் கூட்டாளி மூன்று நல்ல காரியங்களைச் செய்துவிட்டார். சுற்றி வளைக்காமல், "சாகணும்னு நினைக்கிறியா?" என்று நேராகவே கேட்டிருக்கிறார். "யார்கிட்டயும் சொல்லாதே" என்றதற்கு, "கோவிச்சாலும் பரவாயில்ல, இதை நான் மறைக்க மாட்டேன்" என்று பதில் எழுதியிருக்கிறார். பெரியவர் ஒருவர் கிடைக்கும் வரை ஒரு நிமிடம்கூட விடாமல் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நான் தோட்டத்துப் பிள்ளையோடு தொடர்பு கொண்டபோது, அம்மாவை எழுப்பச் சொன்னேன். அதற்கு வந்த பதில்: "அம்மா விடிய மலைக்குப் போகணும். எழுப்ப மனசு வரல." உயிரை விடலாமா என்று யோசிக்கும் நேரத்திலும் தாயின் தூக்கத்தைக் கெடுக்க அந்தப் பிள்ளைக்கு மனமில்லை. எழுப்பத்தான் வேண்டும் என்று திரும்பத் திரும்ப எழுதினேன். எழுப்பினார். தாய் என்னோடு பேசினார். "என்னா மிஸ் சொல்றது இந்தப் புள்ளகிட்ட?" என்றார். "ஒண்ணும் சொல்ல வேணாம். விடியும் வரைக்கும் பக்கத்துலயே இருங்க. அழுதா அழட்டும், பேசினா கேளுங்க" என்றேன். அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் பிள்ளையைப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இப்போது கிளினிக் நடக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். சில நாட்களில் அந்த எண்ணம் இன்னும் வருகிறதாம். வந்தால் சொல்கிறாராம்.

சில நாள் கழித்து அந்தத் தாய் என்னிடம் கேட்ட கேள்விதான் இம்மாதம் இதை எழுத வைத்தது. "ஊரு பேரு தெரியாத புள்ளகிட்ட சொன்னவ, மூணடி தள்ளிப் படுத்திருந்த என்கிட்ட ஏன் மிஸ் சொல்லல?"

ஏன் சொல்வதில்லை?

ஊவாவில் பல தோட்டங்களுக்குப் போய்வந்த பழக்கத்தில் சில காரணங்களைச் சொல்ல என்னால் முடியும்.

முதலாவது, இடம் இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் ஐந்தாறு பேர். பக்கத்துக் காம்பராவில் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். அழுவதற்குக்கூட ஒரு மூலை கிடையாது. போர்வைக்குள் ஒளிரும் கைத்தொலைபேசிதான் அந்தப் பிள்ளைக்குச் சொந்தமான ஒரே அறை.

இரண்டாவது, கடன்பட்ட உணர்ச்சி. "வெயில்லயும் மழையிலயும் அட்டைக் கடியிலயும் நின்னு உன்னைப் படிக்க வைக்கிறேன்" என்று நாம் எத்தனை முறை சொல்கிறோம்! அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் ஒரு பாடத்தில் தவறிய பிள்ளையின் காதில் அது, "நீ எங்களுக்கு நட்டம்" என்று விழுகிறது. தான் இல்லாவிட்டால் வீட்டுக்குச் சுமை குறையும் என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறது. இந்தப் பிள்ளையும் அப்படித்தான் எழுதியிருந்தார்.

மூன்றாவது, நம் வாய்ப்பழக்கம். கோபம் வந்தால் "செத்துத் தொலை" என்கிறோம். மனம் நொந்தால் பிள்ளைகள் முன்னாலேயே "நான் எங்கயாவது போய்ச் சாகிறேன்" என்கிறோம். இப்படிச் சாவைப் பற்றிச் சும்மா பேசும் வீட்டில், உண்மையாகவே அந்த எண்ணம் வந்த பிள்ளை எந்த வார்த்தையில் அதைச் சொல்லும்? சொன்னாலும் அதையும் சும்மா பேச்சு என்றுதான் எடுப்போம்.

நான்காவது, பயம். லயத்தில் பேர் கெட்டுப்போகும், நாளைக்குக் கல்யாணப் பேச்சு வராது, பொலிஸுக்குப் போகும் என்ற பயம். கடைசியாகச் சொன்ன பயத்துக்கு இன்று இடமில்லை. தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் குற்றமாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1998ஆம் ஆண்டு அந்தச் சட்டம் நீக்கப்பட்டுவிட்டது. அப்படி முயன்ற ஒருவரும் அவரது குடும்பமும் வைத்தியசாலைக்குப் போகத் தயங்க வேண்டியதே இல்லை.

தேநீர் கொடுத்துக் கேட்டவர்கள்

தெரிந்தவரிடம் சொல்ல முடியாததைத் தெரியாதவரிடம் சொல்வது புதிய பழக்கம் அல்ல. 1935இல் இங்கிலாந்தில் சாட் வரா என்ற இளம் பாதிரியார் ஒரு சிறுமியின் நல்லடக்கத்தை நடத்த வேண்டி வந்தது. அவளுக்கு வயது பதினான்கு. முதன்முதலாக மாதவிடாய் வந்தபோது அது என்னவென்று அவளுக்குச் சொல்ல யாரும் இருக்கவில்லை. வெட்கக்கேடான ஒரு நோய் தன்னைப் பிடித்துவிட்டது என்று எண்ணித் தன்னுயிரை மாய்த்துக்கொண்டாள். கேட்பதற்கு ஓர் ஆள் இருந்திருந்தால் பிழைத்திருப்பாளே என்ற எண்ணம் அவரை விடவில்லை. நாம் ஒலிபெருக்கி கட்டிச் சடங்கு செய்கிறோம். ஆனால் உடம்பில் என்ன நடக்கிறது என்று பிள்ளைக்கு விளக்கிச் சொல்கிற தாய்மார் எத்தனை பேர்?

1953 நவம்பரில் அதே பாதிரியார் லண்டனில் ஒரு தேவாலயத்தில் தொலைபேசி ஒன்றை வைத்து, சாக நினைப்பவர்கள் தன்னை அழைக்கலாம் என்று அறிவித்தார். கூட்டம் வரத் தொடங்கியது. காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுக்கவும் பேச்சுத்துணைக்கும் தொண்டர்கள் சிலர் இருந்தார்கள். பலர் அந்தத் தொண்டர்களிடமே மனதைக் கொட்டிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலே ஆறுதலோடு வீடு திரும்பினார்கள். இதைக் கவனித்த அவர், அடுத்த ஆண்டே கேட்கும் வேலையைத் தொண்டர்களிடம் ஒப்படைத்தார். புத்திமதி சொல்லத் தெரிந்த பண்டிதர்களை அல்ல, இடைமறிக்காமல் கேட்கத் தெரிந்த சாதாரண மனிதர்களைத்தான் அவர்கள் தேடி வந்தார்கள். சமாரித்தன்ஸ் என்ற அமைப்பு இப்படித்தான் பிறந்தது. 1994இல் அது மின்னஞ்சல் மூலமும் கேட்கத் தொடங்கியது. வாயால் சொல்ல முடியாததை எழுத்தில் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு என்பதை அவர்கள் அன்றே புரிந்துகொண்டார்கள்.

அதே வழியில் 1974இல் திருமதி ஜோன் டி மெல் நம் நாட்டில் தொடங்கியதுதான் சுமித்ரயோ. நல்ல நண்பர்கள் என்பது அந்தப் பெயரின் பொருள். இதைப் படிக்கும் அம்மாமாருக்கு நான் சொல்வது, நீங்களும் அந்தத் தொண்டர்களைப் போல ஆகலாம் என்பதுதான். தேநீர் போட நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பேசாமல் கேட்கத்தான் பழக வேண்டும்.

அந்த நேரம் கடந்து போகும்

"சாகணும்னு முடிவு பண்ணினவளை யார் தடுக்க முடியும்?" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இது தவறு என்பதற்கு நம் நாடே சாட்சி. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் என்ற அளவில் தற்கொலைகள் நடந்தன. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது. 1997இல் ஜனாதிபதி குழு ஒன்று இதற்கென அமைக்கப்பட்டது. கொடிய நச்சுத்தன்மை கொண்ட விவசாய இரசாயனங்களின் இறக்குமதி படிப்படியாகத் தடைசெய்யப்பட்டது. அதன் பின்னான இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. 1995 முதல் 2015 வரை ஏறத்தாழ 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அந்த ஆண்டுகளில் வறுமை ஒழிந்துவிடவில்லை. போரும் நீண்ட காலம் தொடர்ந்தது. குடியும் கடனும் அப்படியே இருந்தன. ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் போனது, அவ்வளவுதான். சாக வேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் ஒரு சிறிய நேரத்துக்கே உச்சத்தில் நிற்கிறது. அந்த நேரத்தைத் தாண்டிவிட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் தொடர்ந்து வாழ்கிறார்கள். ஆகவே வீட்டில் மனம் உடைந்த ஒருவர் இருக்கும்போது, ஆபத்தான பொருட்களையும் மீந்த மருந்துகளையும் பூட்டி வையுங்கள், அல்லது வீட்டை விட்டே அகற்றுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். ஒரு நாள் பேர் போனால் போகட்டும்.

உலக அளவில் ஆண்டுக்கு 7 இலட்சத்துக்கும் அதிகமானோர் இப்படி இறக்கிறார்கள் என்றும், 15 முதல் 29 வயது வரையானவர்களின் மரணத்துக்கான காரணங்களில் இது மூன்றாவது இடத்தில் இருக்கிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இது தோட்டத்துக்கு மட்டும் வந்த வினை அல்ல. வெட்கப்பட ஒன்றுமில்லை.

எப்படிக் கேட்பது?

கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று தாய்மார் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. நேராகக் கேட்பது பிள்ளையின் பாரத்தை இறக்கும் என்பதே மனநல வைத்தியர்களின் அனுபவம். "ஒழுங்கா சாப்பிடுறதில்ல, தூங்குறதில்ல, என்னமோ மாதிரி இருக்க. சாகணும்னு ஏதாவது நினைப்பு வருதா?" என்று அமைதியாகக் கேளுங்கள். பிள்ளை "ஆமாம்" என்றால் தலையில் அடித்துக்கொண்டு அழாதீர்கள். "சொன்னது நல்லது. நான் இருக்கேன்" என்பது போதும். பிறகு கேளுங்கள்: எப்போதிருந்து? இன்றைக்கும் இருக்கிறதா? செய்வதற்கு ஏதாவது தயார் செய்து வைத்திருக்கிறாயா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம், உடனே ஆளும் உதவியும் தேடுங்கள்.

காம்பராவுக்குள் பேச முடியாவிட்டால் வெளியே கூட்டிப்போங்கள். பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகும்போது, விறகுக்குப் போகும்போது, பஸ் ஏற நடக்கும்போது பேசலாம். முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்ந்தால் வராத வார்த்தை, பக்கத்தில் நடக்கும்போது வரும்.

"உனக்கென்ன குறை?", "உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க இல்லையா?", "தம்பிமாரை நினைச்சுப் பாரு" என்பவை வேண்டாம். நாம் ஆறுதல் என்று சொல்வது பிள்ளைக்குக் குற்றப்பத்திரிகையாகக் கேட்கும். கோவிலுக்கோ மாதா கோவிலுக்கோ கூட்டிப்போவது மனதுக்கு இதம் தரும் என்றால் போங்கள். ஆனால் அது வைத்தியருக்குப் பதில் ஆகாது.

கவனிக்க வேண்டிய அடையாளங்களும் உண்டு. விருப்பமான பொருட்களைக் கொடுத்துவிடுவது, தலைவாரிக்கொள்ளக்கூட அக்கறை இல்லாமல் இருப்பது, பாடசாலைக்குப் போக மறுப்பது, கைத்தொலைபேசியில் விடைபெறுவது போன்ற வரிகளைப் போடுவது, நெடுநாள் கலங்கி இருந்தவர் திடீரென்று அளவுக்கு மீறி அமைதியாவது. பரீட்சைப் பெறுபேறு வரும் வாரத்தில் எல்லா வீட்டிலும் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை.

கைத்தொலைபேசியைப் பறிக்கலாமா?

அந்தத் தாய்க்கு முதலில் வந்த எண்ணம் அதுதான். வேண்டாம் என்றேன். அன்றிரவு உயிரைப் பிடித்து வைத்த கயிறு அந்தத் தொலைபேசி. பறித்தால், அடுத்த முறை அந்தப் பிள்ளை சொல்ல ஆளே இருக்காது.

ஆனால் மறுமுனையில் எப்போதும் ஒரு நல்ல கூட்டாளிதான் இருப்பார் என்றும் சொல்ல முடியாது. துக்கத்தில் இருக்கும் பிள்ளையைத் தேடிப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆறுதல் சொல்வது போல வந்து படம் கேட்பவர்கள், பிறகு அந்தப் படத்தைக் காட்டி மிரட்டுபவர்கள், சாவைப் பற்றியே பேசிப் பேசி இன்னும் கீழே இழுப்பவர்கள். படத்தால் மிரட்டப்பட்டதே சில பிள்ளைகளின் மன உடைவுக்குக் காரணம். அப்படி என்றால், "ஏன் அனுப்பினாய்?" என்று விசாரிக்கும் நேரம் அதுவல்ல. குற்றம் செய்தவர் மிரட்டுகிறவர். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரானால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கும், பெண்களுக்கான 1938 இலக்கத்துக்கும் அழைக்கலாம். பொலிஸ் நிலையத்தில் சிறுவர், மகளிர் பணியகத்திலும் முறையிடலாம்.

பிள்ளைக்கு ஒரு அளவுகோல் சொல்லிக்கொடுங்கள். "வீட்டுல யாருக்காவது சொல்லு, நானும் கூட இருக்கேன்" என்பவர் நல்லவர். "யாருக்கும் சொல்லாதே, நான் மட்டும் போதும்" என்பவரிடமிருந்து விலக வேண்டும்.

எங்கே போவது?

பதுளைப் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்டத்தின் மற்றப் பெரிய வைத்தியசாலைகளிலும் மனநலக் கிளினிக் பற்றி வெளிநோயாளர் பிரிவில் கேளுங்கள். சேவை இலவசம். மருந்து தந்தால் வைத்தியர் சொல்லும் வரை நிறுத்தாதீர்கள். சிங்களம் பேச வராவிட்டால் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைத் துணைக்குக் கூட்டிப்போங்கள். ஆனால் பிள்ளை நம்பும் ஒருவராக இருக்கட்டும், லயம் முழுவதும் சொல்லித் திரிபவராக வேண்டாம். தோட்டத்துக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் வழி கேட்கலாம். பாடசாலையில் உளவளத்துணை ஆசிரியர் இருந்தால் அவரிடமும் பேசலாம்.

தொலைபேசியில் பேச 1926, இது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். 1333 என்ற உளவளத்துணை இலக்கத்துக்குக் கட்டணம் இல்லை. தமிழில் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள், அதற்கும் கட்டணம் இல்லை. சில லயங்களில் சிக்னல் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். எந்த இடத்தில் நின்றால் கிடைக்கும், இரவில் யாருடைய தொலைபேசியைக் கேட்கலாம், எந்த வாகனக்காரர் வருவார் என்பதை மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு நாள் பேசி வையுங்கள். தேவைப்படும் இரவில் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

வைத்தியசாலையிலிருந்து பிள்ளை வீடு திரும்பினால், பார்க்க வருபவர்கள் கதை கேட்க வேண்டாம். ஒரு பாத்திரம் சோறு கொண்டுபோங்கள். அந்தத் தாய் வேலைக்குப் போகும் நாளில் பிள்ளையோடு இருங்கள். அந்த உதவி எந்தப் புத்திமதியையும் விடப் பெரியது.

மகளே, உனக்கு

அம்மாவின் கையிலிருந்து இந்தப் புத்தகத்தை வாங்கி நீயும் படிப்பாய் என்று தெரியும். உனக்கு அந்த எண்ணம் வந்தால் நீ கெட்டவள் அல்ல, பைத்தியமும் அல்ல. தாங்க முடியாத நோவு வந்திருக்கிறது, அதற்கு வைத்தியம் உண்டு. எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் இந்த வரியை அப்படியே எழுதி அனுப்பு: "எனக்கு வாழப் பிடிக்காத எண்ணம் வருகிறது. இன்றைக்கு என்னைத் தனியாக விடாதீங்க." அம்மாவுக்கு, சித்திக்கு, டீச்சருக்கு, கூட்டாளிக்கு, யாருக்கென்றாலும் சரி. முதலாமவர் பதில் தராவிட்டால் இரண்டாமவருக்கு அனுப்பு. நான் ஒருத்தி எல்லா இரவும் விழித்திருக்க மாட்டேன், அதனால்தான் மேலே அந்த இலக்கங்களையும் தந்திருக்கிறேன்.

தூங்குகிற அம்மாவை எழுப்பு. விடிய மலைக்குப் போக வேண்டியிருந்தாலும் எழுப்பு. அவர் கோபிக்க மாட்டார்.